தருமபுரியா, கிருஷ்ணகிரியா, ஒகேனக்கல்லா: காரில் வருகிறவர் ரூம் எங்கே எடுப்பது?

"மாமா, உங்க ஊர்ல நல்ல மோட்டல் ஏதாவது இருக்கா? ரொம்பக் காசு ஆகாத மாதிரி." அக்கா மகளைக் கட்டியிருக்கும் மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து போனில் கேட்டார். பத்து வருடம் டெக்சாஸில் இருந்துவிட்டுத் திரும்பியவர். அங்கே மோட்டல் என்றால் காரை அறை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் படுக்கிற இடம். மோட்டார், ஹோட்டல் இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் அது. 1925-ல் கலிபோர்னியாவில் ஒரு விடுதிக்கு அந்தப் பெயரை முதலில் வைத்தார்களாம்.

நம்ம பக்கம் வந்து மோட்டல் எங்கே என்று கேட்டால் ராத்திரி பஸ் நிற்கிற சாப்பாட்டுக் கடையைத்தான் கை காட்டுவார்கள். அங்கே பரோட்டா கிடைக்கும், பாட்டுச் சத்தம் கிடைக்கும், படுக்கை கிடைக்காது. ஹோட்டல் என்று கேட்டாலும் இட்லிக் கடைதான். படுக்க இடம் வேண்டுமென்றால் லாட்ஜ் என்று கேட்க வேண்டும். கொஞ்சம் புதிய கட்டடமாக இருந்தால் பலகையில் 'ரெசிடென்சி' என்று போட்டிருப்பார்கள். இதை மாப்பிள்ளைக்கு விளக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று.

அவருடைய திட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து பெங்களூரிலிருந்து கிளம்புவது. சனிக்கிழமை முழுக்க ஒகேனக்கல். ஞாயிறு காலை கிளம்பி நாமக்கல்லில் ஒரு காதுகுத்துக்குப் போய்ச் சேருவது. காரில் ஐந்து பேர்: அவர், என் அக்கா மகள், இரண்டு குழந்தைகள், மாப்பிள்ளையின் அம்மா. சம்பந்தி அம்மாவுக்கு முழங்கால் வலி. இரண்டு ராத்திரி தங்க வேண்டும், ஒரு ராத்திரிக்கு 2,000 ரூபாயை ஒட்டி இருந்தால் நல்லது.

எங்கள் குடும்பத்தில் யார் இந்தப் பக்கம் வந்தாலும் ரூம் பார்க்கும் வேலை என் தலையில்தான் விழும். அதனால் வெவ்வேறு ஊர்களில் பல லாட்ஜ் படிகளை ஏறி இறங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொன்னால், வாடகையைப் பார்த்து ரூம் எடுப்பது இரண்டாவது வேலை. மறுநாள் காலையில் வண்டி எந்தத் திசையில் போக வேண்டும், ராத்திரி எத்தனை மணிக்கு வந்து சேருவோம் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டால் பாதி லாட்ஜுகள் தானாகவே கழிந்துவிடும்.

கிருஷ்ணகிரியை எடுத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சாலைகள் சந்திப்பதுதான் அந்த ஊரின் பிழைப்பே. பெங்களூரு–சேலம் போகும் 44, சென்னைப் பக்கம் பிரியும் 48, திருவண்ணாமலை வழியாகத் திண்டிவனம் போகும் 77, குப்பம் பக்கம் போகும் 42 என்று நான்கு தேசிய நெடுஞ்சாலைகள் அங்கே கூடுகின்றன. மாவட்டத் தலைநகராக இருந்தும் ஊருக்கு ரயில் கிடையாது. வருகிறவர் எல்லாரும் சாலை வழியாகவே வருவதால் ஓரளவு பெரிய விடுதி என்றால் கார் நிறுத்த இடம் விட்டே கட்டியிருப்பார்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் போனாலும் ரிசப்ஷனில் ஆள் எழுந்து வருவதும், விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினாலும் யாரும் முகம் சுளிக்காததும் அங்கே வழக்கம். சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர், திருவண்ணாமலைக் கிரிவலம் முடித்துத் திரும்புகிறவர், குப்பம் வழியாக ஆந்திரா போகிறவர் எல்லாருக்கும் கிருஷ்ணகிரிதான் சரி. தங்கின கையோடு அணையையும் பார்த்துவிடலாம். தென்பெண்ணையின் குறுக்கே கட்டி 1957-ல் காமராஜர் திறந்து வைத்த அணை. தருமபுரி போகும் வழியிலேயே பிரிந்து போய்விடலாம், ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். மாம்பழ சீசனில் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாங்கூழ் ஆலைகளும் மண்டிகளும் ஓடுகிற மாதங்களில் வியாபாரிகள் வந்து தங்குவார்கள். ஜூன், ஜூலையையொட்டி நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சி சமயத்தில் குடும்பங்களும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் ஒகேனக்கல் போகிறவருக்குக் கிருஷ்ணகிரி பாதி வழிதான். அங்கே படுத்து எழுந்தால் சனிக்கிழமை காலை தருமபுரிக்கு ஏறக்குறைய 45 கிலோமீட்டர், அங்கிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கலுக்கு இன்னொரு 46. சாயங்காலம் எண்ணெய்த் தலையோடும் தூங்கி வழியும் குழந்தைகளோடும் அதே தூரத்தைத் திரும்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு முக்கால் மணி நேரம் கூட ஓட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மாப்பிள்ளை ஓசூரையும் கேட்டார். தொழிற்சாலைக்கு வருகிற ஆட்களுக்காகவே ரூம் போட்டு வைத்திருக்கிற ஊர் அது. இந்தப் பயணத்துக்கு அவசியமே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்படியானால் தருமபுரி. இங்கே இரண்டு உலகம் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றி இருக்கிற லாட்ஜுகள் ஒன்று, பைபாஸ் பக்கமும் ஊருக்குள் வரும் பெரிய சாலைகளிலும் இருக்கிற ரெசிடென்சிகள் இன்னொன்று.

பஸ் ஸ்டாண்ட் லாட்ஜ் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு, மறைக்கவில்லை. கீழே மருந்துக் கடை, செல்போன் கடை, நடுவில் ஓர் ஆள் ஏறுகிற அளவுக்குப் படிக்கட்டு. மேலே போனால் மேஜை, அதன் மேல் நீளமான பேரேடு, பின்னால் சாமி படத்துக்கு எரியும் சிவப்பு விளக்கு. சாவியை ஒரு கைப்பிடி மரக்கட்டையோடு சேர்த்துக் கட்டித் தருவார்கள், மறந்துபோய் பையில் போட்டுக்கொண்டு போகாமல் இருக்க. ஜன்னலைத் திறந்தால் "சேலம் சேலம் சேலம்" என்றும் "பாலக்கோடு, ராயக்கோட்டை, ஓசூர்" என்றும் கண்டக்டர் குரல் நேராகக் காதில் விழும். ஒற்றை ஆளாக வேலைக்கு வந்தவருக்கும், பைக்கில் வருகிற இரண்டு பையன்களுக்கும் இதைவிட மலிவாக வேறு கிடையாது. அந்த வாரம் நான் விசாரித்த இடங்களில் ஏசி இல்லாத இரட்டைப் படுக்கை அறை 700 முதல் 900 வரை சொன்னார்கள், ஏசி வைத்தது 1,200 முதல் 1,500 வரை. நள்ளிரவில் பசித்தாலும் கீழே இறங்கினால் ஏதாவது ஒரு கடையில் தோசைக்கல் சூடாக இருக்கும்.

காரோடு குடும்பமாக வருகிறவருக்கு அதே லாட்ஜ் வேறு மாதிரி தெரியும். 'பார்க்கிங் இருக்கிறது' என்பார்கள். போய்ப் பார்த்தால் பக்கத்துச் சந்தில் இரண்டு வண்டி நிற்கும் இடம், முன்னால் நிற்கிற வண்டிக்காரர் எழுந்தால்தான் நம் வண்டி வெளியே வரும். பழைய கட்டடங்களில் லிஃப்ட் கிடையாது. முதல் மாடி என்று சொல்வதும் இரண்டாவது மாடி உயரத்தில் இருக்கும், கீழே கடைகள் உயரமாகக் கட்டியிருப்பதால். இந்தியன் டாய்லெட் அறைதான் பெரும்பாலும். சம்பந்தி அம்மாவின் முழங்காலை நினைத்தேன், பஸ் ஸ்டாண்டை விட்டுவிட்டேன்.

பைபாஸ் பக்கம் 1,800-லிருந்து 2,500 வரை சொன்னார்கள். கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? லிஃப்ட், வெஸ்டர்ன் டாய்லெட், காரைத் தனியாக எடுக்கிற மாதிரி இடம், காலையில் கீழேயே இட்லி. இத்தனையும் இருந்தும் அங்கே ஒரு பழுது உண்டு. சாலைப் பக்கம் ஜன்னல் வைத்த அறையில் ராத்திரி முழுக்க லாரி ஏர் ஹாரன். பின்பக்க அறை என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. இன்னொன்று, ராத்திரி 11 மணிக்குமேல் பால் வேண்டும் என்று குழந்தை அழுதால் நடந்து போய் வாங்க ஒரு பெட்டிக்கடைகூட இருக்காது. முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"ஒகேனக்கல்லயே தங்கிட்டா என்ன மாமா?" என்று அக்கா மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. கணக்கைப் பார்ப்போம். தருமபுரியிலிருந்து போய்வர 92 கிலோமீட்டர். காருக்கு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்தால் ஆறு லிட்டர், 600 ரூபாய்க்குச் சற்று மேல். ஆனால் ஒகேனக்கலில் தங்கினாலும் அந்தத் தூரத்தை ஒரு முறை போய்வர வேண்டியதுதான், பெட்ரோலில் மிச்சம் எதுவும் இல்லை. வார இறுதி வாடகை தருமபுரியைவிடக் கூடுதலாக இல்லாவிட்டால் அங்கே தங்குவதில் நஷ்டம் இல்லை. அரசு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஹோட்டல் தமிழ்நாடு அங்கே இருக்கிறது, ஆன்லைனில் பதிவு செய்யலாம். தனியார் லாட்ஜுகளும் இருக்கின்றன, நேரில் பார்த்து எடுக்க வேண்டியவை. அங்கே ராத்திரி தங்குவதன் ருசி தனி. கூட்டமெல்லாம் சாயங்காலம் வண்டியேறிய பிறகு ஆற்றுச் சத்தம் மட்டும் மிஞ்சும். காலையில் முதல் ஆளாகப் பரிசல் துறைக்குப் போகலாம். மீன் வாங்கிக் கொடுத்தால் குழம்பு வைத்து, வறுத்துத் தருகிற பெண்கள் பத்து மணிக்கெல்லாம் அடுப்பு மூட்டிவிடுவார்கள்.

ஆனால் அங்கே எல்லாமே ஆற்றின் கையில் இருக்கிறது. குடகிலும் வயநாட்டிலும் மழை பிடித்து, கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டால், காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் இடத்தில் நீரை அளக்கிற பிலிகுண்டுலுவில் அளவு ஏறும். உடனே பரிசலுக்கும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போட்டுவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த நாளும் இது நடக்கலாம். பணம் கட்டி ரூம் எடுத்துவிட்டுப் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பின குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தருமபுரியில் ரூம் எடுத்திருந்தால் தடை வந்தாலும் நாள் வீணாகாது. அதியமான்கோட்டை காலபைரவர் கோயில், பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் என்று போய்வரலாம். அதனால் அந்த மாதங்களில் கிளம்புகிற அன்று காலைப் பேப்பரில் 'ஒகேனக்கல் நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி' என்ற செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் அங்கே ரூமுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். ஆடிப்பெருக்கையொட்டிய நாட்களில் அங்கே தங்கும் யோசனையே வேண்டாம்.

மாப்பிள்ளை விஷயத்தில் இன்னொரு தடையும் இருந்தது. வெள்ளி ராத்திரி 10 மணிக்குத் தருமபுரி வந்துவிட்டு, அதற்குமேல் பென்னாகரம் தாண்டிக் காட்டு வளைவுகளில் இறங்குவது. யானை நடமாடுகிற காடு. புதிதாக ஓட்டுகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இந்த இடத்தில் செக்-அவுட் கணக்கைச் சொல்லியே ஆக வேண்டும், வாடகையைவிட அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். நம்ம பக்கத்து லாட்ஜுகளில் பாதிக்குமேல் 24 மணி நேரக் கணக்கு. எத்தனை மணிக்கு நுழைந்தாயோ மறுநாள் அதே மணிவரை உன் அறை. ரெசிடென்சிகளிலும் ஆப் வழியாகப் பதிவாகும் அறைகளிலும் பகல் 12 மணிக் கணக்கு. என் நண்பர் ஒருவர் குடும்பம் மதுரையிலிருந்து ராத்திரியெல்லாம் வேனில் வந்து விடிகாலை 5 மணிக்கு இறங்கியது. குளித்துவிட்டு ஒகேனக்கல் போய், சாயங்காலம் 5 மணிக்குத் திரும்பி உடை மாற்றிக்கொண்டு ஊருக்குக் கிளம்புவது திட்டம். 24 மணிக் கணக்கு லாட்ஜில் 1,300 ரூபாய் ஏசி அறை, ஒரு நாள் வாடகையோடு முடிந்தது. அதே ஆட்கள் 12 மணிக் கணக்கில் 1,100 ரூபாய் அறை எடுத்திருந்தால் விடிகாலையில் வந்ததற்கு ஒன்று, பகலுக்குமேல் இருந்ததற்கு ஒன்று என்று 2,200 கொடுத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை வருவது ராத்திரி 10-க்கு, கிளம்புவது காலை 7-க்கு. அவருக்கு 24 மணி நேரத்தால் லாபமே இல்லை. வருகிற நேரம் தெரியாமல் 'எது மலிவு' என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

வரியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2022 ஜூலைக்கு முன்னால் ஆயிரம் ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அப்புறம் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 5 சதவீதம். 2,000 ரூபாய் அறைக்கு 100 ரூபாய்தான். பழைய நினைப்பில் 240 கேட்டால் பில்லை எடுத்துப் பார்க்கலாம். ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன லாட்ஜ் வரி என்று தனியாக எதுவும் வாங்கக் கூடாது.

ஆப்பில் போட்டால் மலிவு என்பது பாதி உண்மை. இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் சித்தப்பா மகனுக்காக ஓர் ஆப்பில் 950 ரூபாய்க்கு அறை பதிவு செய்தேன், பணமும் கட்டியாயிற்று. ராத்திரி பத்தரை மணிக்குப் போய் நின்றால், "சார், அந்த ரேட்டு எங்களுக்குக் கட்டுப்படியாகாது, அந்தக் கம்பெனியோட நாங்க இப்ப இல்லை" என்றார் மேஜையில் இருந்தவர். எதிர்ப் பக்கத்தில் 1,600 கொடுத்துப் படுத்தான், ஆப்பில் கட்டின பணம் திரும்ப வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஆப்பில் பெயரும் படமும் பார்த்துக்கொள்வது, அப்புறம் லாட்ஜின் எண்ணைத் தேடி நேராகக் கூப்பிடுவது. "ஆப்பில் இவ்வளவு போட்டிருக்கு, நேரா வந்தா எவ்வளவு?" என்று கேட்டால் பல இடத்தில் அதே விலைக்கோ 100 ரூபாய் குறைத்தோ தருவார்கள். ஆப்புக்குக் கொடுக்க வேண்டிய கமிஷன் அவர்களுக்கு மிச்சமாகிறதே.

தேதியையும் பார்க்க வேண்டும். முகூர்த்த நாள் என்றால் தருமபுரியில் நல்ல அறையெல்லாம் கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்திருப்பார்கள், மிச்சம் இருப்பதும் விலை ஏறும். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டையில் பூசணி விளக்கு ஏற்ற வெளியூர்க் கூட்டம் வரும். காலண்டரில் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் நான் எந்த லாட்ஜுக்கும் போன் செய்வேன். அரசுப் பயணியர் மாளிகை நல்ல இடம்தான், அதிகாரிகளுக்குப் போகத்தான் மற்றவர்களுக்கு. நம்பி வரக்கூடாது. கல்யாண மண்டபத்து அறைகளைச் சில இடங்களில் சும்மா இருக்கிற நாளில் வாடகைக்கு விடுவார்கள். பத்துப் பதினைந்து பேராக வருகிறவருக்கு அது மலிவு, ஐந்து பேருக்கு வேண்டாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பைபாஸ் பக்கம் இரண்டு இடத்துக்கு நேரில் போனேன். அறையைத் திறந்ததும் நான் செய்வது ஒரே வரிசைதான். முதலில் மூக்கு. ரூம் ஸ்ப்ரே வாசனை தூக்கலாக அடித்தால் கீழே வேறு ஏதோ வாசனை இருக்கிறது என்று அர்த்தம். ஏசியைப் போட்டுவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விடுவேன், வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று. ஃப்ளஷை அழுத்தி, மறுபடி தொட்டி நிரம்புகிறதா என்று நின்று பார்ப்பேன். வெளியே வந்து மெத்தையின் ஒரு மூலையைத் தூக்கித் தையல் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று டார்ச் அடிப்பேன். புள்ளி இருந்தால் மூட்டைப்பூச்சி. ரூம் பாய் முகத்தைச் சுளிப்பான், பரவாயில்லை. முதல் இடத்தில் ஏசி ஓடியது, குளிரவில்லை. இரண்டாவது இடத்தில் எல்லாம் சரி, ஆனால் வெந்நீர் காலை 6 முதல் 8 வரைதான் என்று கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. கீஸர் இல்லை, மொட்டை மாடியில் சோலார்.

அங்கேயே பேசி முடித்தேன். பின்பக்கம், லிஃப்டுக்குப் பக்கத்து அறை, 1,900. எக்ஸ்ட்ரா பெட் ஒன்றுக்கு 400 கேட்டார், குழந்தைகள் இரண்டும் பத்து வயதுக்குள் என்று சொல்லி ஒரே பெட்டுக்கு 300-க்கு இறக்கினேன். வரியோடு ஒரு ராத்திரிக்கு 2,310. பட்ஜெட்டைவிட 310 கூட. அடையாள அட்டை பெரியவர்கள் மூன்று பேருக்கும் வேண்டும் என்றார். ஆதாரில் முதல் எட்டு எண்களை மறைத்த நகல் போதும், அதை ஆதார் ஆணைய இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லி வைத்தேன். முழு எண்ணைப் பேரேட்டில் எழுதிவைத்துவிட்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. வாடகை டாக்ஸியில் வருகிறவராக இருந்தால் டிரைவர் படுக்க இடம் உண்டா என்பதையும் இங்கேயே கேட்டிருப்பேன். கேட்காவிட்டால் அவர் சீட்டைச் சாய்த்து வண்டியிலேயே கிடப்பார், மறுநாள் மலைப்பாதையில் நம்மை ஓட்டிக்கொண்டு போகப்போவது அந்தத் தூக்கம்தான்.

குடிக்கிற தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் கறை படிந்த பெரியவர்கள் கிராமம் கிராமமாக உண்டு. அதற்காகத்தான் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் திறந்தார்கள். இரண்டு நாள் குடித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அறையில் ஜாடியில் வைக்கிற தண்ணீர் போர் தண்ணீராக இருந்தால் உப்புக் கரிக்கும், குழந்தைகள் துப்பிவிடும். 20 லிட்டர் கேன் ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

சனிக்கிழமை அவர்களை ஒகேனக்கலிலிருந்து தருமபுரிக்கே திரும்பச் சொன்னதற்கு, தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கிற தொப்பூர் ஒரு காரணம். பெங்களூரிலிருந்து தெற்கே போகிறவருக்குத் தொப்பூர்க் கணவாய் இறக்கம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்வண்டிகள் மேல் போய் விழுகிற செய்தி வருடா வருடம் வருகிறது. சனி ராத்திரியே சேலம் போய்த் தங்கிவிடலாம், அங்கே ரூமும் நிறைய என்று மாப்பிள்ளை ஒரு யோசனை வைத்திருந்தார். நாள் முழுக்க வெயிலில் நின்ற கண்ணோடு, ராத்திரி லாரிகளுக்கு நடுவில் அந்த இறக்கம் வேண்டாம் என்றேன். சேலத்தில் 300 ரூபாய் மிச்சமாகும் என்றாலும் வேண்டாம். காலையில் இறங்குங்கள், நியூட்ரலில் விடாமல் கியரிலேயே விட்டு இறங்குங்கள், லாரிக்குப் பின்னால் ஒட்டாதீர்கள்.

ஞாயிறு காலை ஏழேகாலுக்கு அக்கா மகள் கூப்பிட்டாள். வெந்நீர் 8 மணிவரை என்று ஒட்டியிருந்தாலும் ஏழுக்கே பச்சைத் தண்ணீர் ஆகிவிட்டதாம், கடைசியாகக் குளிக்கப் போன மாப்பிள்ளை அதில்தான் குளித்தாராம். பின்னால் அவர் ஏதோ சொல்வது கேட்டது. எட்டேகாலுக்கு அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது: "இறங்கிட்டோம் மாமா."